ஈரல் வருத்தத்தோடு ஹோர்மோன் சிகிச்சை: வன்னித் திருநர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"ஈரல் பழுதானவர்கள் ஹோர்மோன் எடுக்கவே கூடாது" என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. அதை நம்பி எல்லாவற்றையும் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதே பயத்தில் கிளினிக்கில் வாய் திறக்காமல், பார்மசியில் வாங்கிய குளிசையை வீட்டில் ஒளித்துவைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இவர்களை நினைத்துத்தான் கூடுதல் கவலை. ஒளித்துப் போடப்படும் குளிசைகளில் பல, ஈரலுக்கு மிகவும் கெடுதலானவை.

நாட்பட்ட ஈரல் நோய் உள்ள பலருக்கு ஹோர்மோன் சிகிச்சை கொடுக்க முடியும். ஈரல் எந்த நிலையில் இருக்கிறது, எந்த மருந்து, அது எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் வைத்தியர். அவர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் தெரிந்துகொண்டு போவதற்காக இதை எழுதுகிறேன்.

முதலாவது: இப்போது கையில் இருக்கும் மருந்துகளைப் பாருங்கள்

யாரிடமும் கேட்காமல் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால், முதலில் பெட்டியை எடுத்து அதில் உள்ள மருந்தின் பெயரை வாசியுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் வைத்தியரைப் பாருங்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை. மித்துரி போன்றவற்றில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரஜன், அதாவது செயற்கைப் பெண் ஹோர்மோன். இது ஈரலில் இலகுவில் உடைவதில்லை. இரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டுகிறது. திருநங்கைகளின் சிகிச்சையில் இதைப் பயன்படுத்துவதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். மலிவாகவும் இலகுவாகவும் கிடைப்பதால் இன்னும் பலர் இதையே நாடுகிறார்கள், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று. ஈரல் நோய் உள்ளவர் இதைத் தொடவே கூடாது.

சைப்ரோடெரோன் அசிடேட், புளுட்டமைட், பைகலுட்டமைட். மூன்றும் ஆண் ஹோர்மோனைத் தடுப்பவை, மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. புளுட்டமைட்தான் மிக மோசம். சைப்ரோடெரோனை ஈரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கும்.

உடற்பயிற்சி நிலையங்களில் கைமாறும் வாய்வழி ஸ்டெரொயிட்டுகள். ஸ்டனசொலோல், மெதைல் டெஸ்டோஸ்டெரோன் போன்றவை செங்கமாரியையும் ஈரலில் கட்டியையும், இரத்தம் நிரம்பிய பைகளையும்கூட உண்டாக்கும். திருநம்பித் தம்பிமாரே, ஊசி கிடைக்கவில்லை என்று இதற்குப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வயிற்றில் நீர் கோத்ததற்காக ஸ்பைரோனோலக்டோன் தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது உங்கள் ஈரல் மருந்து. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது: ஈரலுக்கு என்ன வருத்தம், எந்தக் கட்டம்

"ஈரல் பழுது" என்று மட்டும் தெரிந்தால் போதாது. கொழுப்பு படிந்ததா, ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி வைரஸா, மதுவா, உடம்பே தன் ஈரலைத் தாக்கும் நோயா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இலங்கையில் வைரஸ் ஈரல் அழற்சி குறைவு. கொழுப்பு ஈரல்தான் மிக அதிகம், அதுவும் சீனி வருத்தம் உள்ளவர்களிடம். ஆனாலும் யுத்த காலத்தில் காயப்பட்டு இரத்தம் ஏற்றியவர்கள், ஊசியைப் பகிர்ந்தவர்கள், பாதுகாப்பில்லாத உறவு கொண்டவர்கள் பி, சி இரண்டுக்கும் ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும். பி வைரஸ் இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

கட்டத்தை அறியச் சில பரிசோதனைகள் போதும்: ஏ.எல்.டி, ஏ.எஸ்.டி (இரண்டும் ஈரல் நொதிகள்), பிலிருபின் (செங்கமாரியில் ஏறும் மஞ்சள் பொருள்), அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டுவது), பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), வயிற்று ஸ்கான். இவை மாவட்ட வைத்தியசாலை மட்டத்திலேயே தொடங்கக்கூடியவை. பரிசோதனைத் துண்டு கையில் கிடைத்ததும் ஈரல் எவ்வளவு தழும்பாகிவிட்டது என்று நீங்களே ஓரளவு கணக்கிடலாம். ஃபிப்-4 என்று வைத்தியர்கள் பாவிக்கும் கணக்கு அது. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, அதாவது 150,000 என்றால் 150 என்று, ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுங்கள்.

வயது 36, ஏ.எஸ்.டி 54, ஏ.எல்.டி 64, பிளேட்லெட் 150 என்று வைப்போம். 36 × 54 = 1944. 64இன் வர்க்கமூலம் 8; 150 × 8 = 1200. வகுத்தால் 1.62. விடை 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேலே போனால் கடும் தழும்பு இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே வந்தால், இந்த உதாரணம் போல, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கான் போன்ற மேலதிக பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வராது.

சிரோசிஸ், அதாவது ஈரல் இறுகிப்போன நிலை என்று சொல்லிவிட்டார்களா? அப்படியானால் சைல்ட்-பியூ வகுப்பைக் கேளுங்கள். பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மூளைக் குழப்பம் என்ற ஐந்துக்கும் புள்ளி போட்டு 5–6 என்றால் ஏ, 7–9 என்றால் பி, 10–15 என்றால் சி. சிரோசிஸ் இல்லாதவர்களுக்கும் ஏ வகுப்பினருக்கும் பொதுவாகப் பாதை திறந்திருக்கிறது. பி என்றால் ஈரல் வைத்தியரும் ஹோர்மோன் வைத்தியரும் பேசித்தான் தொடங்க வேண்டும். சி வகுப்பு, புதிய செங்கமாரி, ஈரல் கட்டி, ஈரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி என்றால் இப்போதைக்கு ஹோர்மோன் வேண்டாம். ஈரலை முதலில் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது: இரண்டு கிளினிக், ஒரே கொப்பி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பொது மருத்துவ நிபுணரின் கிளினிக்கிலிருந்தே தொடங்கலாம். ஹோர்மோனுக்கு முதலில் மனநல வைத்திய நிபுணரைப் பார்க்க வேண்டியிருக்கும். 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழில் கையொப்பமிடுபவரும் அவர்தான். அதை வைத்துத்தான் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றுகிறார்கள். அதனால் இந்தச் சந்திப்பு இரண்டு வேலைக்கு உதவும். அப்புறம் ஹோர்மோன் நிபுணருக்கான கடிதம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தவர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பக்கூடும். வவுனியாக்காரருக்கு அநுராதபுரம் கிட்ட. புதுக்குடியிருப்பிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவது என்ன பாடு என்று தெரியும். ஆகவே இரத்தப் பரிசோதனைகளைக் கிட்டவுள்ள வைத்தியசாலையில் செய்து, துண்டோடு போகலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஈரல் கிளினிக்குக்கு ஒரு கொப்பி, ஹோர்மோனுக்கு இன்னொரு கொப்பி என்று வைக்காதீர்கள். இரண்டு வைத்தியரும் ஒரே கொப்பியில் எழுதினால்தான் ஒருவர் தரும் மருந்து மற்றவருக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இவ்வளவு போதும்: "டொக்டர், நான் திருநங்கை. எனக்கு ஈரல் வருத்தம் இருக்குது. ஆறு மாசமா இந்தக் குளிசை எடுக்கிறன். ரெண்டையும் சேர்த்துப் பாருங்கோ." பெட்டியையும் மேசையில் வையுங்கள். நிறைந்த மண்டபத்தில் பழைய பெயரைக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்கையே விட்டவர்கள் உண்டு. பதியும்போதே தாதியிடம், "மிஸ், நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான்காவது: திருநங்கைகளுக்கு – ஈஸ்ட்ரஜன் எந்த வழியாக

விழுங்கிய குளிசை குடலிலிருந்து நேரே ஈரலுக்குத்தான் போகும். மருந்தின் பெரும் பகுதி முதல் சுற்றிலேயே ஈரலைத் தாக்கி, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பையும் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. தோலில் ஒட்டும் பட்டியும் பூசும் ஜெல்லும் நேரே இரத்தத்தில் கலப்பதால் அந்த முதல் சுற்று இல்லை. ஈரல் நோய் உள்ளவருக்கு ஈஸ்ட்ரஜன் என்றால் முதலில் கேட்க வேண்டியது பட்டி அல்லது ஜெல், அதிலும் எஸ்ட்ராடையோல் என்ற இயற்கை வடிவம். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

சிக்கல், கிடைப்பது. தோல்வழி மருந்து எல்லா இடத்திலும் எல்லா மாதமும் இருக்காது, விலையும் கூட. எழுதித் தருவதற்கு முன்னரே எங்கே வாங்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். எங்கள் வெயிலில் பட்டி வியர்வைக்குக் கழன்றுவிடும். குளித்து நன்றாகத் துடைத்தபின், அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்டி, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். எண்ணெய் வைத்துக் குளித்த நாளில் தோலைச் சவர்க்காரத்தால் கழுவாவிட்டால் ஒட்டாது. மார்பில் ஒட்டக்கூடாது. ஜெல் பூசினால் காயும்வரை உடுப்புப் போடாதீர்கள்; ஒரு மணித்தியாலமாவது குளிக்காதீர்கள்; பூசிய இடம் குழந்தைகளின் உடம்பில் படக்கூடாது.

ஊசியும் குடல்வழியைத் தவிர்க்கிறது. ஆனால் சிரோசிஸில் பிளேட்லெட் குறைந்திருப்பது வழமை. தசையில் போடும் ஊசி உள்ளே இரத்தம் கட்டச் செய்யலாம். போடும் நாளில் பிளேட்லெட்டும் ஐ.என்.ஆரும் எவ்வளவு என்று பார்த்த பிறகே போட வேண்டும். வேறு வழியில்லாமல் எஸ்ட்ராடையோல் வலரேட் குளிசைதான் கிடைக்கிறது, சிரோசிஸ் இல்லை, கொழுப்பு ஈரல் மட்டும் என்றால் வைத்தியர் அதையே கண்காணிப்போடு தரக்கூடும். அது மித்துரி போன்றது அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

ஐ.என்.ஆர் கூடியிருந்தால் "என் இரத்தம் தண்ணியாக இருக்கு, கட்டி வராது" என்று சிலர் நினைக்கிறார்கள். பிழை. ஈரல் நோயில் இரத்தம் கசிவதும் உறைவதும் இரண்டுமே நடக்கும். புகைப்பவர் என்றால் ஆபத்து இன்னும் கூடும். புகையை விடுவது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் மருந்து. இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு. சிரோசிஸில் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் தானாகவே குறைந்து, ஈஸ்ட்ரஜன் பக்கம் கூடும். அதனால்தான் அந்த நோயுள்ள ஆண்களுக்கும் மார்பு பெருக்கிறது. ஆகவே தடுப்பு மருந்து தேவையா என்பதையே முதலில் அளந்து பார்க்க வேண்டும். விதை நீக்கியவர்களுக்கு அது தேவையே இல்லை.

தேவை என்றால் ஸ்பைரோனோலக்டோன் பெரும்பாலும் முதல் தெரிவு. வயிற்று நீருக்காக ஈரல் வைத்தியர்கள் வழமையாகத் தரும் மருந்தும் இதுவே. பலருக்கு 100 மில்லிகிராமில், புருசமைட் என்ற சிறுநீர் போக்கும் மருந்து 40 மில்லிகிராமோடு தொடங்குவார்கள். ஒரே குளிசை இரண்டு வேலை செய்கிறது என்பது நல்ல விடயம்தான், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. இரண்டு கிளினிக்கும் தனித்தனியே எழுதினால் இரட்டிப்பு அளவு உள்ளே போய்விடும். மார்பு வளரட்டும் என்று நீங்களாகக் கூட்டினால் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, சிறுநீரகம் கெட்டு, மூளைக் குழப்பமும் வரலாம். மேலும், வன்னி வெயிலில் வயல் வேலை செய்து உடம்பு வற்றிய நாளில், வயிற்றோட்டம் வந்த நாளில், இந்தக் குளிசையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆண் ஹோர்மோனை அடக்கும் லியூப்ரோலைட் போன்ற ஊசிகள் ஈரலுக்கு அவ்வளவு பாரமில்லை, விலைதான் தடை.

ஐந்தாவது: திருநம்பிகளுக்கு

ஊசியாகப் போடும் டெஸ்டோஸ்டெரோனும் பூசும் ஜெல்லும் ஈரலை அரிதாகவே தாக்கும். அவுஸ்திரேலியாவில் சிரோசிஸும் குறைந்த டெஸ்டோஸ்டெரோனும் உள்ள 101 ஆண்களிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டு டெஸ்டோஸ்டெரோன் ஊசி தசையைக் கூட்டியது. அவர்கள் திருநம்பிகள் அல்லர். ஆனாலும் ஈரல் நோய் என்றதுமே கதவைச் சாத்தத் தேவையில்லை என்பதற்கு அது ஓர் ஆதாரம். ஈரலில் புற்றுநோய் இருந்தால் மட்டும் கதை வேறு.

கவனிக்க வேண்டியது இரத்தத்தின் தடிப்பு. ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும். ஊசியிடத்தில் இரத்தம் கட்டும் பிரச்சினை இங்கும் உண்டு. தோலுக்கடியில் போடலாமா என்று கேளுங்கள். ஊசியை ஒருபோதும் பகிராதீர்கள்.

மாதவிடாயை நிறுத்த நோரெதிஸ்டெரோன் குளிசை எழுதுவது இங்கே வழமை. கூடிய அளவில் அதன் ஒரு சிறு பகுதி உடம்பில் எத்தினைல் எஸ்ட்ராடையோலாக மாறும். முதலில் தவிர்க்கச் சொன்ன அதே மருந்து. அதனால் அதை எழுதும்போது ஈரல் நோயைச் சொல்லுங்கள். கருப்பைக்குள் வைக்கும் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் சாதனம் பொருந்துமா என்றும் கேளுங்கள். வயிற்று நீருக்கு ஸ்பைரோனோலக்டோன் தந்தால் அது உங்கள் டெஸ்டோஸ்டெரோனுக்கு எதிராக வேலை செய்யும். அமிலோரைட் போன்ற மாற்று இருக்கிறது. வலு கொஞ்சம் குறைவு, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

ஆறாவது: மற்ற மருந்துகளோடு

ஹெப்படைட்டிஸ் பி.க்குத் தரும் டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகியவை இந்த ஹோர்மோன்களோடு மோதுவதில்லை. அவற்றைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. வைரஸ் சீறி எழும். ஹெப்படைட்டிஸ் சி என்றால் சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் 12 வாரங்களில் பெரும்பாலானோரைக் குணப்படுத்துகிறது. அவசரம் இல்லையென்றால் அதை முடித்துவிட்டு ஹோர்மோனைத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. தலையில் ஷெல் துண்டு பட்டு வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது பெனிட்டோயின் எடுப்பவர்கள், காசநோய்க்கு ரிஃபம்பிசின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இவை ஹோர்மோன் அளவை இறக்கிவிடும்.

நோவுக்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். சிரோசிஸ் உள்ளவர் பரசிட்டமோல் எடுக்கலாம், ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு உள்ளே, அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்குக்கு மேல் போகாமல்.

ஏழாவது: பரிசோதனைத் துண்டை வாசிப்பது

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை ஹோர்மோன் பரிசோதனை. சிகிச்சை தொடங்கிய காலத்தில் ஈரல் பரிசோதனை இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். திருநங்கைகளுக்கு எஸ்ட்ராடையோல் மில்லிலீட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டெரோன் டெசிலீட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. ஈரல் பலவீனமானவருக்கு வைத்தியர் இதைவிடக் குறைந்த அளவோடு நிறுத்தலாம். அதில் மனம் சோர வேண்டாம்.

சிரோசிஸில், ஹோர்மோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி என்ற புரதம் ஏறியிருக்கும். அதனால் மொத்த டெஸ்டோஸ்டெரோன் நல்ல அளவு போலத் தெரிந்தாலும் உடம்புக்கு உண்மையில் கிடைப்பது குறைவாக இருக்கலாம். கொழுப்பு ஈரலில் நேர்மாறு. ஆகவே "சுயாதீன டெஸ்டோஸ்டெரோன் (புரதத்தோடு ஒட்டாதது) பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், கிரியேட்டினின், ஏ.எல்.டி ஆகியவற்றுக்கு ஆண், பெண் அளவுகள் வேறு. ஆய்வுகூடம் பதிவில் உள்ள பாலை வைத்தே "சாதாரணம்" என்று போட்டிருக்கும். சில மாதம் ஹோர்மோன் எடுத்தபின் எந்த அளவோடு ஒப்பிடுவது என்று வைத்தியர் சொல்ல வேண்டும். சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கானைத் தவறவிடக்கூடாது, ஹோர்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

எட்டாவது: சாப்பாடு, குடி, நாட்டு மருந்து

கசிப்பு, சாராயம், கள்ளு எதுவும் வேண்டாம். ஈரல் இறுகியவருக்கு "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது. விட முடியவில்லை என்றால் மனநலப் பிரிவிலேயே அதற்கும் சிகிச்சை உண்டு. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால் அதையும் அவர்களிடம் கேட்டே செய்யுங்கள்.

வயிற்றில் நீர் இருந்தால் கருவாடும் ஊறுகாயும் ஒதுக்கப்பட வேண்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் போகக்கூடாது. புரதத்தைக் குறைக்காதீர்கள். மீன், முட்டை, பருப்பு, பயறு எல்லாம் தேவை. படுக்க முன் சின்னதாக ஏதாவது சாப்பிட்டுப் படுத்தால் தசை உருகுவது குறையும். கொழுப்பு ஈரல் உள்ளவர் நிறையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரல் தேறும்.

செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி குடிக்கும் வழக்கம் எங்களிடம் ஆழமானது. ஆனால் நாட்பட்ட ஈரல் நோயை அது மாற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சீந்தில் ஈரல் அழற்சியை உண்டாக்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. "மார்பு வளரும்" என்று விற்கும் பெயர் தெரியாத தூளுக்கும் உருண்டைக்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்பதாவது: நிறுத்த வேண்டி வந்தால், ஓட வேண்டி வந்தால்

ஈரல் மோசமாகி வைத்தியர் ஹோர்மோனை இடைநிறுத்தச் சொன்னால் மனம் உடைந்துபோகும். அந்த நேரத்தில் தனியே இருக்காதீர்கள். "எது சரியானால் திரும்பத் தொடங்கலாம்?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதுவியுங்கள். குரல் பயிற்சி, முடி அகற்றல், சான்றிதழ் வேலைகள் நிற்கத் தேவையில்லை. விதையோ சூலகமோ நீக்கியவர்கள் நீண்ட காலம் எந்த ஹோர்மோனும் இல்லாமல் இருந்தால் எலும்பு பலவீனமாகும். அதையும் சொல்லிக் கேளுங்கள்.

இரத்தமாகச் சத்தி எடுத்தல், தார் போலக் கறுத்த மலம், இரவு பகல் மாறிய தூக்கமும் பேச்சுத் தடுமாற்றமும், கண் மஞ்சளாதல், வயிற்று நீரோடு காய்ச்சலும் வலியும், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வீட்டில் ஒருவருக்காவது கொப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹோர்மோனின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நாள் மூன்றையும் வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.